ஒரு நாள் சிரமதானத்தால் களை சாகாது

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்குச் செல்பவர்கள் பசுமையைக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். அந்தப் பசுமையில் எது காடு, எது களை என்று கேட்பவர் குறைவு.

அங்குள்ள நக்கிள்ஸ் காடு 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதன் சீரழிந்த சரிவுகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் ஆஸ்ட்ரோயூபடோரியம் என்னும் அமெரிக்கப் புதர் மண்டிக் கிடக்கிறது. உண்ணிச்செடியும் கினிப்புல்லும் அதற்குத் துணை. கினிப்புல் கோடையில் காய்ந்து தீயை வளர்க்கும்; தீ அணைந்ததும் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கருகிய மரக்கன்றுகளோ பெரும்பாலும் மீள்வதில்லை.

"வெளிநாட்டுச் செடி, அதுதான் தொல்லை" என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடில்லை. மாத்தளையை வாழவைத்த கோப்பி, தேயிலை, இறப்பர், கொக்கோ எதுவும் இந்த மண்ணில் பிறந்ததல்ல. தமிழகத்திலிருந்து வந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து, காடு திருத்திய நம்மவர்களின் பிள்ளைகளையும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. ஆகவே "அந்நியம்" என்ற சொல்லைச் செடியின் மீது எறியும்போதும் நமக்கு நிதானம் வேண்டும். பிறந்த இடம் அளவுகோல் அன்று. பிறவற்றை வாழவிடாமல் பரவுவதே அளவுகோல்.

சரி, ஒழிப்பது எப்படி? சட்டம் மட்டும் போதாது. ஆகாயத்தாமரையை ஒழிக்க இலங்கையில் 1909இலேயே கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. நூறாண்டு கடந்தும் நம் நீர்நிலைகளில் அது மிதக்கிறது.

சிரமதானமும் போதாது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில், பிரமுகர்கள் கத்தியும் மண்வெட்டியுமாக நிற்கும் படங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்தன. மறு ஆண்டு அதே இடத்தில் எடுத்த படம் ஒன்றுகூட வந்ததில்லை. வந்திருந்தால் அதில் பழைய புதரே நின்றிருக்கும். வெட்டிய செடி அடியிலிருந்து தழைக்கும். மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும்.

வெயிலை விரும்பும் இந்தக் களைகளை அடக்குவது நிழல். திரும்பத் திரும்பக் களையெடுத்து, உள்ளூர் மரங்களை நட்டு, அவை நிழல் தரும்வரை காவல் காக்கவேண்டும். இது பல ஆண்டு வேலை. களையெடுப்பில் தேர்ந்தவர்கள் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை ஒரு நாள் தொண்டுக்கு அழைக்காதீர்கள். நியாயமான கூலியுடன் நிரந்தர வேலை கொடுங்கள். மலையைப் பார்க்க வருவோரிடம் பெறும் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது பெரிய காரியமல்ல.

கைவிட்ட நிலத்தில்தான் களை குடியேறுகிறது. நிலத்தைக் கைவிட்டது செடியல்லவே!