பவணந்தியார் பிரம்பெடுக்கவில்லை!

"மொக்கை" என்கிறான் மகன். "கிரிஞ்சு" என்கிறாள் மகள். தாய் விழிக்கிறாள், தந்தையோ, ஏதோ கெட்ட சொல்லென்று சீறுகிறார்! மொழி கெட்டது, பிள்ளை கெட்டான் என்ற புலம்பல் வேறு.

நாம் கேட்கிறோம்: பிறர்க்கு விளங்காமல் பேசுவது இன்று முளைத்த குற்றமா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றனர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றனர். அதற்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கில் இடமும் தந்தது நன்னூல்.

ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இதே திகைப்புத்தான். 'கரிஸ்மா'வின் நடுத்துண்டை எடுத்து 'ரிஸ்' என்றனர் இளைஞர்; 2023-இல் ஆக்ஸ்போர்டு அதையே ஆண்டின் சொல்லாக்கிற்று. 2025-இல் டிக்‌ஷனரி.காம் தேர்ந்ததோ '67' — வெறும் எண்! பொருள் கேட்டால் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். பெரியவர்கள் விழிப்பதுதான் அதன் பயன் போலும்!

ஆனால், எல்லாக் குறியும் விளையாட்டல்ல. பள்ளியில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யுமாறு 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. கயிறு கண்ணுக்குத் தெரியும். உடன்படிக்கும் பிள்ளையைச் சாதியால் குத்தும் மறைசொல் தெரியுமா? அதைப் பிள்ளை சொன்னால்தான் உண்டு. 'மொக்கை'க்கே கைபேசியைப் பிடுங்கிய தந்தையிடம், அந்தப் பிள்ளை வாய் திறக்குமா?