என் கையைக் காட்டிக் கல் பதிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் பிரித்துப் பத்து நாளாகிறது. நலம் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்தப் பதிவு நன்றி சொல்ல அல்ல, சண்டை போட.

நான் விழுந்தது கோட்டூர்புரம் மரப் பூங்காவின் மண் பாதையில், ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை. அடுத்த வாரமே எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றியது. பாதையை அகலப்படுத்தி பேவர் பிளாக் பதிக்க வேண்டும், விளக்குக் கம்பம் நட வேண்டும், ஓடுகிறவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு என்று கேட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: "சமீபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விழுந்து கை முறிந்தது." அந்த ஆசிரியை நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நான்கு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். முதல் கையெழுத்து என் அண்ணன் மகனுடையது. "எல்லாம் அத்தைக்காகத்தான்" என்கிறான்.

அத்தைக்காக வேண்டாம்பா.

நான் ஏன் விழுந்தேன் என்று நானே சொல்கிறேன். காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. கையில் போன், அதில் பேத்தி அனுப்பிய வீடியோ. ஈர மண்ணில் இப்படி நடந்தால் யாராக இருந்தாலும் விழத்தான் வேண்டும். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் டைல்ஸ் வழுக்கி இதுவரை இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். டைல்ஸைப் பெயர்த்துவிட்டு மண்ணைப் போடுங்கள் என்று யாராவது மனு எழுதினார்களா?

அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று இங்கேயே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிய நிலம். 2006 வாக்கில் 'நிழல்' அமைப்பினரும் தன்னார்வலர்களும் குப்பையை அள்ளி, நாட்டு மரக்கன்றுகளை நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். மொத்தமே சுமார் 5 ஏக்கர். அதைத்தான் இன்று காடு என்கிறோம்.

இனி ஒரு கணக்கு. சிலேட்டை எடுங்கள். பாதையில் 100 மீட்டர் நீளத்தை ஒரு மீட்டர் அகலப்படுத்தினால் 100 சதுர மீட்டர் மண் மூடப்படும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஆக, அந்தத் துண்டில் மட்டும் 1,40,000 லிட்டர் விழும். பாதிதான் மண்ணுக்குள் இறங்கும் என்று வைத்தாலும், 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லாரிக்கு மேல். கோடையில் லாரிக்கு எப்படிக் காத்துக் கிடப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"கல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கும், தண்ணீர் இறங்கும் அத்தை" என்பான் பொறியாளர் மருமகன். கல் பதிக்குமுன் மண்ணை இடித்து இறுக்குவார்கள். ஓரத்துக்கு சிமெண்ட் வைப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனால் இடைவெளியில் சேறு அடைத்துக்கொள்ளும். நம் தெரு நடைபாதையிலேயே போய்ப் பார்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் எங்கள் தெருவில் சாய்ந்து கிடந்த மரங்களின் அடியைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் சிமெண்ட் நடைபாதை. வேர் பரவ இடமே இல்லை. தில்லியில் மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டது. அங்கே பெயர்க்கச் சொன்னதை இங்கே காசு கொடுத்துப் பதிக்கப் போகிறோமா?

ஓடுகிற பிள்ளைகளுக்கு: நீங்கள் செய்வதற்கு 'ட்ரெயில் ரன்னிங்' என்று பெயராம். கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேடு, பள்ளம், வேர், சருகு எல்லாம் பார்த்துக் கால் வைத்து ஓடுவதுதான் அதன் ருசி. ஆரோவில் மராத்தானுக்குக் கூட்டம் போவதே அந்தச் செம்மண் காட்டுப் பாதைக்காகத்தான். கல் பதித்துவிட்டால் அது சாதாரண ஓட்டம். அதற்கு ஊரெல்லாம் ரோடு கிடக்கிறது. விளக்கைப் பற்றி ஒரே கேள்வி: இருட்டிய பிறகு பறவை அடையும் இடத்தில் நமக்கு என்ன வேலை?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்கள், கோல் ஊன்றி வருபவர்கள் மரத்தடிக்கு வரவே முடியாமல் போவது தவறு. வாசலை ஒட்டிக் கொஞ்ச தூரம் பாதையைச் சமன் செய்து, இரண்டு பெஞ்சு போடச் சொல்லி மனு எழுதுங்கள். இந்தக் கையாலேயே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓடுகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள். வயதானவர்களின் பின்னால் வரும்போது வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுங்கள். சேற்றைத் தவிர்க்க ஓரத்துச் செடியை மிதிக்காதீர்கள், பாதை தானாக அகலமாவது அப்படித்தான். பெருமழை பெய்த மறுநாள் அங்கே ஓடவே வேண்டாம். நானும் நடக்க மாட்டேன், பாடம் கற்றுக்கொண்டேன்.

மனுவிலிருந்து என்னைப் பற்றிய வரியை இன்றே எடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு, நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு அதே பாதைக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்ட நான்கு பேரும் வாருங்கள். மனதில் இருப்பதை அங்கேயே பேசுவோம். வருகைப் பதிவு உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்