ஒரு ரூபாய்ச் சீட்டு

நல்லூர்க் கந்தனுக்கு அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய்தான். வாசலுக்கு வெளியே ஒரு பிளேன்ரீ குடிக்க அந்தக் காசு காணாது. கோயில் மாப்பாண முதலியார் பரம்பரையின் நிர்வாகத்தில் இருக்கிறது. இலாபக் கணக்குக் கேட்கப் பங்குதாரர் இல்லை. அதனால்தான் விலை அசையவில்லை, பூசை மணியும் பிசகுவதில்லை என்பது எங்கள் எண்ணம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகம முறைக்காக இதே நிர்வாகத்தோடு ஆறுமுக நாவலர் மோதினார். நாவலரே ஆனாலும் கடைசிச் சொல் உரிமைக்காரருடையதுதான்.

கோயில் கதையை எடுத்ததற்குக் காரணம் இரண்டு பெடியள். சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி எல்லாம் வரும்படி ஒரு வீடியோ கேம் செய்யப்போகிறோம், பழைய நல்லூரைப் பற்றிச் சொல்லுங்கோ என்று எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். பகலில் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குக் கூலிக்கு நிரல் எழுதுகிறவர்கள். காசு போட லண்டனில் ஒருவர் ஆயத்தமாம். பெரும்பங்கு அவருக்கு வேண்டுமாம். மந்திரிமனைக்குள் ஒரு துப்பாக்கிச் சண்டையும் வேண்டுமாம். இரண்டும் ஒரே கோரிக்கைதான் என்பது பெடியளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

காசு போட்டவர் கையில்தான் கடைசிச் சொல் என்பது இந்தத் தொழிலில் பழைய கதை. 1976இல் அற்றாரி என்ற விளையாட்டுக் கொம்பனியை வார்னர் நிறுவனம் வாங்கியது. விளையாட்டுகள் விற்று வந்த பணத்தில் பங்கும் இல்லை, பெட்டியில் பெயரும் இல்லை என்றானபோது நிரலாளர் நால்வர் வெளியேறி 1979இல் அக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அற்றாரியிலேயே இருந்த வாரன் ராபினெற் தான் செய்த ‘அட்வென்சர்’ விளையாட்டின் இரகசிய அறை ஒன்றில் தன் பெயரை ஒளித்துவைத்தார். தான் கட்டிய வீட்டுச் சுவரில் மேசன் களவாகக் கையெழுத்துப் போட்டதுபோல. பெயருக்காகப் பிறந்த அந்த அக்டிவிஷன் வளர்ந்து, இணைந்து, 2023 ஒக்டோபரில் 6,870 கோடி டொலருக்கு மைக்ரோசொப்ற்றிடம் போய்ச்சேர்ந்தது. அடுத்த சனவரியில் மைக்ரோசொப்ற்றின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு மே மாதம், ‘ஹை-பை ரஷ்’ என்ற பெயரெடுத்த விளையாட்டைச் செய்த ரோக்கியோவின் ராங்கோ கேம்வேர்க்ஸை மூடப்போவதாக மைக்ரோசொப்ற் அறிவித்தது. நல்லதைச் செய்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், அங்கே அளந்த கோல் வேறு.

எங்களுக்குப் பிடித்த உதாரணம் பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. மோஷன் ருவின் ஒரு தொழிலாளர் கூட்டுறவு. எல்லோருக்கும் ஒரே சம்பளம், எல்லோருக்கும் வாக்கு. அவர்களின் ‘டெட் செல்ஸ்’ விளையாட்டு 2018இல் முழுமையாக வெளிவந்து உலகெங்கும் விற்றது. வேறு கொம்பனியாக இருந்தால் அடுத்த நாளே நூறு பேரை எடுத்திருக்கும். இவர்கள் சிறு குழுவாகவே இருக்க விரும்பினார்கள். நூறு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து வாக்களிப்பது எப்படி? அந்த விளையாட்டை மேலும் வளர்க்கும் வேலை ஈவில் எம்பயர் என்ற தனிக் கொம்பனியிடம் போனது. அதாவது, கூட்டுறவின் வெற்றியைப் பராமரிக்கக் கூட்டுறவு அல்லாத ஒன்று தேவைப்பட்டது. சங்கக்கடையில் வரிசையில் நின்றவர்களுக்கும், மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையை அறிந்தவர்களுக்கும் இது புதுச் சங்கதி அல்ல. கூட்டுறவுக்கு நெஞ்சும் பெரிது, கூட்டமும் நீளம்.

சிறு குழுவுக்கு எங்கள் ஆட்களிடமும் உதாரணம் உண்டு. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 யூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் சமையலறை, இட்லி, பிரியாணி, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாவ்ரா விருது அதற்குக் கிடைத்தது. நூறு மணித்தியாலம் ஆளைக் கட்டிவைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற பணிப்பாளர் சபைக்கு முன்னால் இப்படி ஒன்றை வைத்தால் கதவைக் காட்டியிருப்பார்கள். சிறிய குழு என்பதால் சிறியதாகவே முடிக்க முடிந்தது.

பெடியளிடம் இவ்வளவையும் சொன்னோம். ஒருவர் குறிப்பெடுத்தார், மற்றவர் லண்டன்காரர் அனுப்பிய ஒப்பந்தத்தைத் தொலைபேசியில் காட்டினார், ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். போன கிழமை திரும்பி வந்தார்கள். யமுனா ஏரியின் ‘ப’ வடிவத்தைப் படி படியாக வரைந்து முடித்திருக்கிறார்கள், நல்ல வடிவு. கொம்பனிப் பதிவுப் படிவத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். பங்குகள் என்ற கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.