வாலிபர் கெட்டாரா, சபை கெட்டதா?

நெகிரி செம்பிலானிலுள்ள நமது தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் நாலு பெரியவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். "வாலிபர்கள் கோயிலுக்கு வருவதில்லை, வந்தாலும் பின்வாசலில் நின்றுவிட்டுப் பாதியிலே போய்விடுகிறார்கள், காலம் கெட்டுவிட்டது" என்பதே அது. இந்தப் புலம்பலைச் சிரம்பான் பட்டணத்து ஆலய வாசலிலும் கேட்கிறோம். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களின் சிறு ஜெபக்கூடங்களிலும் கேட்கிறோம். கைத்தொலைபேசி, பந்தாட்டம், சினிமா, கூடாத சகவாசம் ஆகிய நான்கும் சாட்சிகளாக வந்து நிற்க, வாலிபனே குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஆனால், இவ்வழக்கில் மற்றொரு கட்சியாகிய சபையை யாரும் கூண்டில் ஏற்றி விசாரித்ததாகத் தெரியவில்லை. அந்த விசாரணையைத்தான் நாம் இங்கே செய்யப் புகுகிறோம்.

முதலில், ஆலயத்திற்கு வரும் வாலிபனுக்குச் சபை என்ன கொடுக்கிறதென்று பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று செம்பனைக் குலை அறுப்பவனாயினும் சரி, செனவாங், நீலாய்த் தொழிற்பேட்டைகளில் பகல்முறை இராமுறையென்று மாறி மாறி உழைப்பவனாயினும் சரி, அவனுக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளில் பஸ் ஓடாத தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வருகிறான். வந்தவனை வாசலில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவனுடைய காற்சட்டையையும் தலைமயிரையும் பற்றிய விமரிசனமே அவனை எதிர்கொள்ளுகிறது. திருவிழா வந்தால் கூடாரம் கட்டவும், அண்டா தூக்கவும், வண்டிகளை ஒழுங்குபடுத்தவும் அவன் வேண்டும். பெண்பிள்ளைகளோ ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லவும், பீடத்துக்குப் பூ வைக்கவும், பலகாரம் பரிமாறவும் வேண்டும். ஆனால் சபையின் பணம் எப்படிச் செலவாக வேண்டும், எந்தத் தோட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆலோசனை நடக்கும் அறைக்குள் இவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். நாற்காலி தூக்க வாலிபர் வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார மட்டும் வேண்டாம்!

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, ஆராதனையைக் கைத்தொலைபேசி வழியாக வீடுதோறும் கொண்டுசேர்த்தவர்கள் யார்? பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளே அல்லவா? அன்றைக்கு அந்தக் கருவி தேவ ஊழியத்துக்கு உதவியது. கதவு திறந்ததும் அதே கருவி சாத்தானுடைய பொம்மையாகிவிட்டது. அதைக் கையாண்ட பிள்ளையும் பழையபடி பின்வரிசைக்குப் போய்விட்டான்.

உலகத்தின் நடப்பையாவது நம் மூப்பர்கள் கவனிக்க வேண்டாமா? இந்நாட்டு நாடாளுமன்றம் 2019 ஜூலையில் அரசியல் சாசனத்தைத் திருத்தி, வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்தது. அது 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2023 ஆகஸ்டு 12இல் நடந்த நெகிரி செம்பிலான் சட்டமன்றத் தேர்தலில் 18 வயதுப் பிள்ளைகளும் வாக்களித்தார்கள். இம்மாநிலத்தை ஆள்வோர் யாரென்று தீர்மானிக்கத் தகுதியுள்ள பெண்ணுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாட்டைப் பாடலாமென்று சொல்லத் தகுதியில்லையாம்! இது எந்த நீதியில் சேர்ந்தது?

"அரசாங்கம் வேறு, திருச்சபை வேறு" என்று சிலர் பதில் சொல்லக்கூடும். அப்படியானால் திருச்சபைக்குள்ளேயே பார்ப்போம். 2018 அக்டோபரில் ரோமாபுரியில் ஆயர்கள் வாலிபரைப் பற்றியே ஒரு பேரவை கூட்டினார்கள். அதில் வாலிபர்களும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட நிருபத்தில், வாலிபர்கள் நாளைய சபை மாத்திரமல்லர், இன்றைய சபையும் அவர்களே என்ற கருத்தை வற்புறுத்தினார். 2023 அக்டோபரில் கூடிய பேரவையிலோ, குருக்களல்லாத பொதுநிலையினரும், பெண்களும், வாலிபரும் வாக்களிக்கும் உறுப்பினராகவே அமர்ந்தார்கள். ரோமாபுரியின் கதவே இவ்வளவு திறந்திருக்க, நமது தோட்டத்துச் சபைக் கமிட்டியின் கதவு மாத்திரம் ஏன் திறக்க மறுக்கிறது?

அடுத்தபடியாக "பாரம்பரியம்" என்ற கேடயத்தைத் தூக்குகிறார்கள். எந்தப் பாரம்பரியம் என்று கேட்கிறோம். தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் கப்பலைவிட்டு இறங்கிய சீகன்பால்கு ஐயர் 25 வயது நிரம்பாத வாலிபர். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்று, சில ஆண்டுகளுக்குள்ளாகவே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715க்குள் அச்சிட்டு முடித்தார். 1719இல் அவர் இறந்தபோது வயது 36. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது 1774; அவர் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியது 1800. வீதியிலும் அரங்கிலும் ஜனங்கள் ஆடிப்பாடிய குறவஞ்சியைக் கிறிஸ்தவப் பொருளுக்கு ஏற்றியவர் 26 வயது இளைஞரே. லண்டனில் துணிக்கடைச் சிப்பந்தியாயிருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் தம்முடைய 22ஆம் வயதில், 1844இல், தோழர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்ததே உலகெங்கும் பரவிய வாலிபர் கிறிஸ்தவ சங்கம். இவர்கள் மூவரும் இன்று நமது சபையொன்றில் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? "தம்பிமாரே, அந்த மேஜையை இப்படி நகர்த்துங்கள்" என்றுதான் நம்மவர்கள் சொல்லுவார்கள்.

லத்தீனில் பூசை கேட்ட தலைமுறை இன்னும் முற்றும் மறையவில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அனுமதித்த பின்னரே கத்தோலிக்கருடைய பூசை ஜனங்களின் மொழிக்கு வந்தது. ஆகவே இன்று பழமையென்று நாம் போற்றுபவை பலவும் ஒரு காலத்தில் புதுமையாக வந்தவைதாம். ஜனங்களுக்கு விளங்கவேண்டும், ஜனங்கள் நெருங்கி வரவேண்டும் என்ற நோக்கத்தால் வந்த புதுமைகள் அவை. அந்த நோக்கத்தைக் கைவிட்டு அதன் உருவத்தை மாத்திரம் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பாரம்பரியமென்று பெயரில்லை.

இவ்வளவு சொன்னதும் வேறொரு கூட்டத்தார் நம் பக்கம் வந்து சேர்ந்துகொள்ள எண்ணுவார்கள். "ஆமாம், ஒரு கித்தாரும் டிரம்மும் வாங்கிவைத்து, பல வர்ண விளக்குப் போட்டு, கடைசியில் ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தால் வாலிபர் தாமே ஓடிவருவார்கள்" என்பது அவர்களுடைய சித்தாந்தம். இவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. வாத்தியத்தின் மேல் நமக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் தூண்டிலில் புழு வைப்பவன் மீனுக்கு விருந்து வைக்கிறான் என்று நாம் நம்பவேண்டுமா? இசைக்கும் விளக்குக்கும் பட்டணத்தில் இதைவிடச் சிறந்த இடங்கள் ஆயிரம் உண்டு. அந்தப் போட்டியில் சபை ஜெயிக்கப்போவதில்லை. தன்னை மனிதனாக மதித்து, தன் பேச்சுக்குக் காதுகொடுத்து, தன் கையில் பொறுப்பை ஒப்புவிக்கும் இடம்தான் வாலிபனுக்கு உலகத்தில் எளிதில் கிடைக்காதது. அதைக் கொடுக்க மனமில்லாதவர்களே கித்தாரைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள்.

வேதத்தில் இதற்கொப்பான ஒரு கதை இருக்கிறது. துரோவா பட்டணத்து மேல்வீட்டில் பவுல் நடுராத்திரிமட்டும் பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். பவுல் என்ன செய்தார்? "பிரசங்க வேளையில் தூங்கின அயோக்கியன்" என்று மேலிருந்தே ஏசினாரா? இறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார். நமது சபைகளிலும் நீண்ட பிரசங்கத்துக்குக் குறைவில்லை. ஜன்னலோரத்தில் உட்காரும் வாலிபருக்கும் குறைவில்லை. குடியிலும் அடிதடிக் கும்பல்களிலும் விழுந்தவர்களும் இல்லாமலில்லை. இறங்கிப் போகும் பவுல்தான் குறைவு.

இனி, வாலிபர் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். பெரியவர்கள் உண்மையில் அஞ்சுவது பந்தாட்டத்துக்கல்ல, இந்தக் கேள்விகளுக்கே என்பது நமது அபிப்பிராயம். கேள்வி கேட்டால் விசுவாசம் குலைந்துவிடும் என்கிறார்கள். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு, ஊழியம் தொடங்குமுன், இயேசுவின் வாழ்க்கையிலிருந்து சுவிசேஷங்கள் சொல்லும் சம்பவம் ஒன்றே ஒன்று. 12 வயதில் அவர் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, கேட்கவும் வினவவும் செய்தார் என்பதே அது. அந்தப் போதகர்கள் "சின்னப் பிள்ளை, வாயை மூடு" என்று துரத்தவில்லை. நம்முடைய மூப்பர்களைவிட எருசலேமின் போதகர்கள் மேலானவர்களாய் இருந்தார்கள் போலும்!

நமது பிள்ளைகள் கேட்பதெல்லாம் என்ன? "ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சகோதரர் என்று பாடுகிறீர்கள், திங்கட்கிழமை சம்பந்தம் பேசும்போது என்ன சாதியென்று ஏன் விசாரிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இதற்கு நேர்மையான பதில் யாரிடம் உண்டு? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர் வைத்துப் பிரித்த கோயில் ஒன்று இருந்தது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய சுவரை இடித்து நூறு வருஷத்துக்கு மேலாகியும், கடல்கடந்து வந்து தலைமுறைகள் பல ஆகியும், கலியாணப் பேச்சில் அந்தச் சுவரை நம்மவர்கள் மறுபடி எழுப்புகிறார்கள். பிள்ளைகள் பெற்றோருடைய உபதேசத்தைக் காதால் கேட்பதைவிட, அவர்களுடைய நடத்தையைக் கண்ணால் பார்ப்பது அதிகம். பார்த்தது போதுமென்று வெளியே போகிறவனை உலக ஆசை இழுத்துக்கொண்டு போயிற்று என்று சொல்லுவது சுத்தப் பொய்.

இதே சுவரின் மற்றொரு பக்கம் மொழியும் உத்தியோகமும். ஆங்கிலம் கற்ற கிராணிமாரும் பட்டணத்து உத்தியோகஸ்தரும் ஆங்கில ஆராதனைக்குத் தம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ் ஆராதனையில் பின்வரிசையில் நிற்கிறார்கள். நாமும் ஆங்கிலப் படிப்புப் படித்த கிராணி வகுப்பைச் சேர்ந்தவர்களாதலால், இந்தப் பிரிவுக்குக் காரணம் மொழி மாத்திரமல்ல, அந்தஸ்து என்பதை அறிந்தே சொல்லுகிறோம். தமிழ்ப்பள்ளியில் படிக்காத பிள்ளையோ, இரண்டிடத்திலும் அந்நியன். கையில் கொடுத்த பாட்டுப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாமல் உதட்டை அசைத்து நிற்கிறான். அவனைப் பார்த்து "தமிழ் தெரியாத தமிழன்" என்று சிரிக்கிறோமேயன்றி, கற்றுக்கொடுக்கிறவர் யார்? 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்துப் பத்திரிகைக்காரர் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிற்றுப் பள்ளியை நடத்தியது, வாரமெல்லாம் வேலைசெய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதற்காகவே. ஞாயிற்றுப் பள்ளியின் அந்த முதல் வேலையை நம் சபைகள் மறந்துவிட்டன.

லாபு, நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் இருந்த நிலங்களில் வீடமைப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஊருக்கொன்றாகச் சிதறின. பழைய தோட்டத்தில் பக்கத்து வீடு, ஆயாக் கொட்டகை, பந்துத்திடல், கோயில் எல்லாம் சேர்ந்து பிள்ளையை வளர்த்தன. இன்று அடுக்குமாடி வீட்டில் அவனுக்கு அண்டையார் யாரென்றே தெரியாது. அவனை "நம்முடையவன்" என்று சொல்ல மிஞ்சியிருக்கும் சில இடங்களில் சபையும் ஒன்று. அதுவும் அவனைக் கைவிட்டால் அவனைத் தேடிக்கொண்டு வேறு கும்பல்கள் வரும். நம் பிள்ளைகள் பலர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் போலீஸ் நிலையத்து வாசலில் காத்துநிற்கும் தாய்மாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே நாம் கோருவது இவ்வளவே. ஒவ்வொரு சபைக் கமிட்டியிலும், பங்குப் பேரவையிலும் மூன்றிலொரு பங்கு இடம் 30 வயதுக்குட்பட்ட ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமையோடு ஒதுக்கப்படட்டும். மாதம் ஒரு ஞாயிறாவது பிரசங்கத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் வாலிபர் எழுந்து கேள்வி கேட்கவும், போதகர் கோபமின்றிப் பதில் சொல்லவும் வழி செய்யட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் போதகரை வாலிபர் இகழமாட்டார்கள், மதிப்பார்கள். ஞாயிறு மாலையில் தமிழெழுத்து வகுப்பு ஒன்றை வாலிபரே நடத்தட்டும். அதற்குச் சபை பணம் கொடுக்கட்டும். தோட்டங்களிலிருந்து வருவோருக்கு வண்டி ஏற்பாடு செய்யட்டும். கொடிமரத்துக்கு வர்ணம் பூசும் செலவை ஒரு வருஷம் தள்ளிவைத்தால் இதற்குப் பணம் கிடைக்காமற் போகாது.

வாலிபர் தவறே செய்யமாட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்வார்கள், கணக்கில் பிழை விடுவார்கள், ராகம் தப்பிப் பாடுவார்கள், சில வேளை மரியாதைக் குறைவாகவும் பேசுவார்கள். பெரியவர்கள் நடத்திய கமிட்டிகளில் இவையெல்லாம் நடந்ததே இல்லையா? பிழை விட்டுத் திருந்துவதற்கு ஓர் இடம் கொடுப்பதே வரவேற்பு. "எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது" என்று வெளியே பலகையில் எழுதிவைப்பதால் பயனில்லை.

சபைகளின் வருஷாந்தரக் கூட்டங்கள் வரத்தான் போகின்றன. தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்று அதே பெயர்களை அதே ஆட்கள் முன்மொழிந்து, அதே ஆட்கள் ஆமோதிக்கத்தான் போகிறார்கள். அந்த வேளையில் ஒரு பெரியவராவது எழுந்து, "என் இடத்தை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்லட்டும் பார்ப்போம். அப்படிச் சொல்ல ஒருவரும் துணியாத சபைக்கு, வாலிபர் வருவதில்லையே என்று புலம்பும் யோக்கியதை கிடையாது.