கஞ்சி போட்ட சேலை



"அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு நேர்த்தி! இப்போது தலைவிரி கோலமாகத் திரிகிறார்கள்" என்று கண்டியில் வயதானவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொல்வது 1950களை. அந்த நேர்த்தி யாருக்கு, எப்படி வந்தது என்று இம்முறை கொஞ்சம் பார்ப்போமா?

நகரத்தில் பாடசாலைக்குப் போகும் பெண்பிள்ளை என்றால் வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய பின்னல், ஒட்ட வெட்டிய நகம். 1952இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகத்திலும் மாணவிகள் சேலையில்தான் விரிவுரைக்குப் போனார்கள். ஆசிரியைகளின் சேலையில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. அதற்குச் சேலையைத் தோய்த்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, காயவைத்து, தண்ணீர் தெளித்துச் சுருட்டி, சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். ஒரு நெருப்புப் பொறி விழுந்தால் சேலை போச்சு. கண்டி மழையில் காயவைப்பதே ஒரு போராட்டம். வசதியான வீடுகளில் இந்த வேலையை வீட்டு அம்மா செய்யவில்லை. டோபியோ வேலைக்காரப் பிள்ளையோதான் செய்தார்கள். பழங்கதை பேசுகிறவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கம் போனால் வேறு கதை. பல காம்பராக்களுக்கு ஒரு பீலி. விடியுமுன் தண்ணீர் எடுத்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, காலில் அட்டைக்கடி. விரலில் ஏறிய கொழுந்துக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. இவர்களைத்தான் நகரம் 'துப்புரவில்லாத ஆட்கள்' என்றது. நான் சமூகவியல் படித்தவள். எனக்கு முதலில் கண்ணில் படுவது பீலிக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த தூரம்தான்.

பிறகு அலங்காரமே ஆபத்தான நாட்களும் வந்தன. 1958, 1977, 1983 வன்செயல்களில் பொட்டை அழித்து, சேலைக்கட்டை மாற்றி உயிர் தப்பிய பெண்கள் இருக்கிறார்கள். மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களை அங்கும் போர் விடவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இது சொந்தக் கதை.

2010இல் அரசாங்கத் தரப்பில் சொன்ன கணக்குப்படி வடக்கு கிழக்கில் போரில் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர். இவர்களிடம் ஊர் எதிர்பார்க்கும் 'நேர்த்தி' விசித்திரமானது. தலைவாரிப் பவுடர் போட்டால் "யாருக்காக?" என்று கேட்பார்கள். வாராமல் போனால் "பைத்தியம் மாதிரி" என்பார்கள். என்னோடு வந்த ஒரு சகோதரியைப் பார்த்து ஒரு அலுவலகத்தில், "உங்களைப் பார்த்தால் கஷ்டப்படுகிறவர் மாதிரித் தெரியவில்லையே" என்றார்கள். அவர் உடுத்தியிருந்தது அக்காவிடம் இரவல் வாங்கிய சேலை. நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, வருமானத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது, உடுப்பில் இல்லை என்றேன். படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள்.

என்னைக் கேட்டால், குளித்து, தலைவாரி, விருப்பமென்றால் பொட்டும் வைத்துக்கொண்டு போங்கள். படிவத்தையும் அதன் பிரதியையும் ஈரம் படாமல் ஒரு பொலித்தீன் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டலாம்.

அழுத்துவதற்குப் பெட்டியோ மின்சாரமோ இல்லையென்றால், தோட்டத்துப் பாட்டி ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த வழி இருக்கிறது. சேலை முக்கால்வாசி காய்ந்ததும் கரை கரையோடு சேர்த்து மடித்து, இரவில் பாய்க்கு அடியில் பரப்பி அதன்மேல் படுங்கள். காலையில் எடுத்து ஒரு தரம் உதறி உடுத்தலாம். பருத்திச் சேலைக்கு மிக நன்றாக வரும். நைலெக்ஸுக்கு இது தேவையே இல்லை.