சக்கரத்துக் கரி

அடிப்பிடித்த பால் பாத்திரத்தை வெள்ளிபோல் ஆக்கித் தருகிற கைகள் இவை. காரின் சக்கரம் எனக்கு எம்மாத்திரம் என்று எண்ணினேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருந்தோம். அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவியைப் பார்த்து, முழங்கால் வலியோடு திரும்பினோம். அந்த மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. ஏறும்போது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்த குழந்தைகள், இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ கருகுகிற வாடை! "அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்துவிட்டாயா?" என்று என்னைக் கேலி செய்தார் என் கணவர். அவருடைய கால் பிரேக்கை விட்டு எடுபடவே இல்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

சென்னைக்கு வந்த மறுநாள் பார்த்தால், முன் சக்கரங்கள் இரண்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தன. பின் சக்கரங்களில் வெறும் புழுதிதான்.

"மலை மண். தண்ணீர் ஊற்றினால் போய்விடும்" என்றார் அவர், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மலை மண் சிவப்பாக அல்லவா இருக்கும்? இது கறுப்பு. தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை. சோப்புப் போட்டேன், பாதிதான் போயிற்று. விடுவேனா? உள்ளே போய் ஒரு பிடி புளியும், பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் எடுத்து வந்தேன். ஒரு சாண் இடம் தேய்ப்பதற்குள், பளபளவென்று இருந்த அலாய் சக்கரம் அம்மி கொத்தியது போல் கீறிப் போயிற்று. கறுப்பென்னவோ கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நல்ல வேளையாக அன்று என் தங்கை மகள் வந்தாள். அவள் கார்த் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினீயர். என் கையையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது கரியுமில்லை, மண்ணுமில்லை. பாதிக்கு மேல் இரும்பு!"

நான் நம்பவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கழற்றி, ஒரு பாலிதீன் பையில் சுற்றி, சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்த கறுப்பில் வைத்து எடுத்தாள். பையில் கறுப்பு மீசை முளைத்திருந்தது!

சங்கதி இதுதான். சக்கரத்துக்கு உள்ளே வார்ப்பிரும்பினால் ஆன தட்டு ஒன்று கூடவே சுழல்கிறது. பிரேக்கை மிதித்ததும் இரண்டு பக்கமும் இரண்டு வில்லைகள் அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. ஓட்டத்தின் வேகம் முழுவதும் சூடாக மாறுகிறது. தட்டும் தேய்கிறது, வில்லையும் தேய்கிறது. அந்தத் தூள் சுடச்சுடப் பறந்து சக்கரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே விட்டுவிட்டால் மழையிலும் பனியிலும் அந்த இரும்பு துருப்பிடித்து, சக்கரத்தின் மேல் பூச்சையே அரிக்கும். பிரேக் போடும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளுக்குத்தான் வேலை அதிகம். அதோடு பல சின்னக் கார்களில் பின் சக்கரத்தில் டிரம் பிரேக். தூள் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

"அப்படியானால் துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அதை மட்டும் செய்யாதீர்கள்!" என்று பதறிப் போனாள் பெண்.

காய்ந்த தூளைத் தட்டுவதும், துடைப்பதும், வாயால் ஊதுவதும், காற்றுப் பம்பு வைத்து ஊதச் சொல்வதும் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூள் நுரையீரலின் ஆழம் வரை போகும். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டால் போதாது. ஒரு காலத்தில் பிரேக் வில்லைகளில் அஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது. அது புற்றுநோய் தருவது என்று தெரிந்தபின் ஐரோப்பிய யூனியன் 2005 முதல் அதை அடியோடு தடை செய்தது. அமெரிக்கா பிரேக்குகள் உட்பட அதற்குத் தடை விதித்து 2024ல் ஆணை பிறப்பித்தது. நம் நாட்டில் முழுத் தடை இல்லை. ஆகையால் பழைய கார் வைத்திருப்பவர்களும், மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத வில்லை வாங்கிப் போட்டவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அஸ்பெஸ்டாஸ் இல்லாத வில்லையானாலும் இந்தத் தூள் நல்லதல்ல. ஐரோப்பாவில் 2024ல் நிறைவேறிய சட்டம், புதிதாக வரப்போகும் சாதாரண பெட்ரோல் கார்களின் பிரேக், கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் தூள் கக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. புகைக் குழாயைப் பார்த்துப் பயந்தது போக, இப்போது பிரேக்கையும் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது!

சரி, சுத்தம் செய்வது எப்படி? அன்று மாலை அவள் செய்து காட்டியதைச் சொல்கிறேன்.

காரைச் சமதரையில், நிழலில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓடிவந்த சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இருக்கும் தட்டு கோணிப் போகலாம். காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் தண்ணீரைக் கொட்டி விரிசல் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூளை ஊற வையுங்கள். ஈரமாக இருக்கிறவரை அது பறக்காது. பிறகு கார் ஷாம்பூ கலந்த தண்ணீரும் மிருதுவான பிரஷும். ஆணிக் குழிகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று போதும். ஒரு சக்கரத்தை முடித்து அலசிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த வாளியும் துணியும் இதற்கு மட்டுமே. அதே துணியால் காரின் மேல்பாகத்தைத் துடைத்தால், ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் பெயிண்டில் கோலம் போட்டுவிடும்.

வாரம் ஒரு தடவை இப்படிச் செய்கிறவர்களுக்குப் புட்டியில் விற்கும் மருந்து எதுவுமே வேண்டியதில்லை என்பது என் கட்சி. எங்கள் சக்கரமோ மாதக்கணக்கில் கவனிக்கப்படாதது. அதற்கு, இரும்புத் தூளைக் கரைப்பதற்கென்றே விற்கும் திரவம் ஒன்றை வாங்கி வரச் செய்தாள். தெளித்தவுடன் ஒரே அழுகிய முட்டை நாற்றம்! இரண்டு நிமிஷத்தில் சக்கரம் முழுவதும் கத்தரிப்பூ நிறமாக மாறி வழிந்தது. அதில் இருக்கும் தையோகிளைகோலேட் என்ற ரசாயனம் இரும்போடு சேரும்போதுதான் அந்த நிறம். முடி நீக்கும் கிரீமிலும், கூந்தலைச் சுருட்டை செய்யும் லோஷனிலும் இருப்பது இதே வகைதானாம். அழகு நிலையத்தில் எங்கேயோ முகர்ந்த நாற்றமாக இருக்கிறதே என்று அப்போதே நினைத்தேன்! முடியைக் கரைப்பது தோலைச் சும்மா விடுமா? ஆகவே கையுறையைக் கழற்றாதீர்கள். புட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் விடக் கூடாது. காயவும் விடக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். போகாத கறைக்கு இன்னொரு முறை தெளிக்கலாமே தவிர, பலம் கொண்டமட்டும் தேய்ப்பதில் பிரயோஜனமில்லை.

புளி, எலுமிச்சம்பழம் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியப் பாத்திரத்தில் புளிக் குழம்பு வைக்காதே என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? அலாய் சக்கரமும் பெரும்பாலும் அலுமினியம்தான். மேல் பூச்சு கீறிப்போன இடத்தில் புளிப்புப் பட்டால் நிறம் கெடும். குளியலறை ஆசிட்டும், காஸ்டிக் சோடாவும் அதைத் தின்றே விடும். போதாததற்கு, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும். கடையில் விற்கும் சக்கரத் திரவத்திலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ பைஃபுளோரைடோ கலந்திருந்தால் தொடாதீர்கள். அது தோலில் பட்டவுடன் வலிக்காமலேயே உள்ளே இறங்கிவிடும்.

எதிர்வீட்டு மாமி, கடைசியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்றார். எண்ணெயோ டயர் பாலிஷோ பிரேக் தட்டில் ஒரு சொட்டுப் பட்டாலும் வினைதான்; மிதித்தால் பிடிக்காது. கழுவி முடித்ததும் வண்டியை மெதுவாக நகர்த்தி, மூன்று நான்கு தடவை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். மறுநாள் காலை தட்டில் லேசாகத் துரு படர்ந்திருந்தால் பயப்படாதீர்கள். முதல் மிதியிலேயே போய்விடும்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வலது முன் சக்கரம் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. இடது சக்கரமோ மறுபடியும் கன்னங்கரேல்! "இடது பக்கம் வெயில் அதிகம்" என்றார் என் கணவர். நான் தங்கை மகளுக்குப் போன் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பெரியப்பாவை இன்றைக்கே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்."

கழற்றிப் பார்த்தார் மெக்கானிக். வில்லையைப் பிடித்திருக்கும் காலிப்பரின் ஆணி துருவேறி இறுகிப் போயிருந்தது. காலை எடுத்த பிறகும் இடது பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வில்லை இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. "இதை வைத்துக்கொண்டா மலை இறங்கினீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அதைக் கையில் எடுத்துக் காட்டினார். என் கணவர் பதில் பேசவில்லை. எனக்குப் பின் ஸீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மலை இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்றும் மெக்கானிக் சொல்லி அனுப்பினார். பிரேக்கும் சூடாகாது, தூளும் குறையும்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வாளியும் கையுமாகக் கீழே இறங்கிவிடுகிறார். நாலு சக்கரத்தையும் கழுவிவிட்டு, எது அதிகக் கறுப்பு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் காபி. வாளியில் சிவப்புப் பெயிண்டால் 'கார்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் அதே வாளியால் என் துளசிச் செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிடுவார்.