பெரும்பான்மை இல்லைன்னா குடி முழுகிடுமா?

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "பாத்தீங்களா, இங்கிலாந்துலயும் தொங்கு சபைதான். யாருக்கும் பெரும்பான்மை இல்ல. இனிமே அங்க ஒரு வேலையும் நடக்காது" என்றார். நான் குறுவைக்கு விதைநெல் ஊறப் போட்டுக்கிட்டு இருந்தேன். சரி சரின்னு சொல்லி வெச்சுட்டேன். அப்படி விட்டது தப்புன்னு ராத்திரி தோணுச்சு. அதான் இந்தப் பதிவு.

அவர் சொன்னது கார்ன்வால் கவுன்சில் தேர்தலை. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலை. மீன்பிடியும் மாடும் உள்ள கிராமப்புறச் சீமை. என் தங்கச்சி மக அங்கதான் நர்ஸா இருக்கு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியோடு அங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். இந்திய பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டே மே 1-ந் தேதி போய்ப் போட்டுட்டு வந்துச்சு.

முடிவு இதுதான். மொத்தம் 87 இடம். ரிஃபார்ம் யுகே 28, லிபரல் டெமாக்ரட் 26, சுயேச்சைகள் 16, கன்சர்வேட்டிவ் 7, லேபர் 4, பசுமைக் கட்சி 3, கார்ன்வாலின் சொந்தக் கட்சியான மெபியான் கெர்னோ 3. பாதியைத் தாண்ட 44 வேணும். யார்கிட்டயும் இல்லை.

அப்புறம் என்ன நடந்துச்சு? முதலில் வந்த ரிஃபார்மோடு சேர மற்ற கட்சிகள் மறுத்துட்டாங்க. லிபரல் டெமாக்ரட்டுகள் சுயேச்சைகளோடு பேசி நிர்வாகம் அமைச்சாங்க. லீ ஃப்ராஸ்ட் என்பவர் தலைவர் ஆனார். அதே நாள் தேர்தல் நடந்த வாரிக்‌ஷயர் கவுன்ட்டியில் 57-ல் 23 மட்டுமே வாங்கிய ரிஃபார்ம், சிறுபான்மை நிர்வாகமாக ஆட்சிக்கு வந்துடுச்சு. ஒரே கட்சி, ரெண்டு ஊர், ரெண்டு முடிவு. சபையில யாரு யாரோட உட்காரத் தயாரா இருக்காங்க என்பதுதான் கணக்கு.

"அதிக இடம் வாங்கினவனை ஒதுக்கினா மக்கள் தீர்ப்பை ஏமாத்துற மாதிரி ஆகாதா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ரிஃபார்ம் கட்சி குடியேறிகளைப் பத்திப் பேசுறது என் மருமக மாதிரி ஆளுங்களைப் பத்தித்தான். அதனால எனக்கு அந்தக் கட்சி மேல பிரியம் இல்லை. அதை மறைக்கலை. ஆனா பிரியத்தை ஒதுக்கி வெச்சுட்டு எண்ணிப் பாருங்க. 28 பேர் அவங்க ஆளு என்றால் 59 பேர் அவங்க ஆளு இல்லை. 26 வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதிதான். அவங்களும் ஒவ்வொரு தடவையும் மத்தவங்க ஓட்டைக் கேட்டுத்தான் ஆகணும். வருஷா வருஷம் பட்ஜெட் முழு சபையில ஓட்டுக்கு வரும். நாலு வருஷத்துக்கு சபையைக் கலைச்சுட்டு ஓடவும் முடியாது. ஏரித் தண்ணி பங்கிடுற மாதிரி, பிடிக்காதவனோடயும் உக்காந்து பேசித்தான் தீரணும். இதுல என்ன கேடு?

நம்ம ஊர்ல 'பெரும்பான்மை இல்லை' என்றதும் உங்களுக்கு வேற படம் ஞாபகம் வருது. ஒன்றியக் கவுன்சிலர்களை வேன்ல ஏத்தி எங்கேயோ கொண்டு போய் வெச்சு, தலைவர் தேர்தல் அன்னிக்குக் காலையில இறக்கி விடுற படம். எனக்கும் தெரியும். ஆனா அது பெரும்பான்மை இல்லாததோட குத்தம் இல்லை. ஆளை விலைக்கு வாங்குறவன் குத்தம். பெரும்பான்மை இருக்கிற இடத்துல விலை பேசாம இருக்கானா?

இப்ப என் ஆத்திரத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிஞ்சுது. அதுக்கப்புறம் தேர்தல் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. பதவிக்காலம் முடியறதுக்குள்ள தேர்தலை முடிக்கணும்னு அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்லுது. இங்கிலாந்துலயும் 2025-ல் ஒன்பது இடங்களில் நிர்வாகச் சீரமைப்புன்னு சொல்லித் தேர்தலைத் தள்ளி வெச்சாங்க. அதுவும் தப்புதான். ஆனா அங்கே ஜனங்க தேர்ந்தெடுத்த பழைய உறுப்பினர்களாவது நாற்காலியில தொடர்ந்தாங்க. இங்க நாற்காலியே காலி.

எங்க ஊர்ல குடிதண்ணி மோட்டார் எரிஞ்சா முன்னாடி தலைவர் வீட்டு வாசல்ல நின்னு கத்துவோம். அடுத்த ஓட்டை நினைச்சாவது மனுஷன் ஓடி வருவார். இப்போ மனு எழுதி பஸ் ஏறணும். போனா, "சார் மீட்டிங்ல இருக்கார்." பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பாக்குற அதிகாரி அவர், அவரையும் குத்தம் சொல்ல முடியலை. அவருக்கு எங்க ஓட்டு வேண்டாம், அவ்வளவுதான்.

நண்பரே, தொங்கு சபைன்னு சிரிச்சீங்களே. அதுல 87 பேர் உக்காந்து சண்டை போடறாங்க. எங்க ஊராட்சியில சண்டை போடக்கூட ஆள் இல்லை. நகரத்துல இருக்கிறவங்க, யாருக்குப் பெரும்பான்மைங்கிற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, "கிராமத்துக்குத் தேர்தல் எப்போ?"ன்னு எங்களோட சேர்ந்து கேளுங்க. போன வாரம் மருமகளும் போன்ல அதைத்தான் கேட்டுச்சு: "மாமா, நம்ம ஊர்ல எப்ப ஓட்டு?"

பதில் சொல்லத் தெரியலை எனக்கு.